கச்சேரிச் சீட்டும் ஒரு நாட் பேரும்

இந்நாளில் நம்மூர் இளைஞர் இருவர் சந்தித்தால், அடுத்து எந்தப் பாடகர் கொழும்புக்கு வருகிறார், சீட்டு என்ன விலை என்று பேசாமற் பிரிவதில்லை. விலையைக் கேட்ட மாத்திரத்தில் பேச்சுப் பெருமூச்சாக மாறிவிடும். வெலிமடையிலிருந்து போய்வரும் பஸ் கட்டணத்தையும் இராத்தங்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், அப்பெருமூச்சு நியாயமானதே என்று பெரியோரும் ஒப்புவர். ஆனால் பெரியோர் சிலர், “எங்கள் காலத்தில் பாட்டைக் காசு கொடுத்தா கேட்டோம்?” என்று வினவுவதும் உண்டு. இவ்வினாவில் உண்மை பாதிதான் இருக்கிறது. அவர்கள் காசு கொடாமற் கேட்டது மெய். ஆயினும் காசு கொடுபடாத சங்கீதம் எக்காலத்திலும் இருந்ததில்லை. கொடுத்தவர் ஒருவர், கேட்டவர் பலராக இருந்தனர். அந்தக் கொடுத்தவர் யார், அவர் கொடுத்த காசு எத்தனை பேருக்குக் கதவைத் திறந்தது என்பதே இச்சிறு வரலாற்றில் நான் ஆராய விரும்பும் பொருள்.

முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். ரூபாவின் பெறுமதி ஆண்டுக்கு ஆண்டு தேய்வதனால் அதனைக் கொண்டு பழைய விலையையும் புதிய விலையையும் ஒப்பிடுதல் கடினம். நம் தோட்டங்களில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்கிறோம். அதுவே நல்ல அளவுகோல். தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இந்த 1,350இன்படி 5,000 ரூபாச் சீட்டொன்று ஏறத்தாழ நான்கு பேர். கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர் சேர்ந்து போவதானால் பதினைந்து பேர்! மாதத்தில் பாதி நாள் கொழுந்து பறித்த கூலி ஓரிரவில் போய்விடும். பஸ் கட்டணம் இதில் அடங்கவில்லை.

முற்காலத்தில் அரண்மனையும் ஜமீனும் வித்துவான்களைப் போஷித்தன. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1835இல் மறைந்தது எட்டயபுரத்திலேதான். ஆனால் அரண்மனைச் சங்கீதத்தை எத்தனை பேர் கேட்டார்கள்? அரசரும் அவர் சூழலில் இருந்த சிலருமே. கோயிற் சங்கீதத்தின் கதை வேறு. சுவாமி வீதிவலம் வரும்போது நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்லும். செலவு கோயிலுடையது, உபயகாரருடையது. கேள்வியோ தெருவில் நின்ற எல்லாருடையது. கோயிலுக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய முடியாதிருந்த காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலே 1939இல்தான் எல்லாருக்கும் திறந்தது. அப்படியிருந்தும் நாதஸ்வரத்தின் ஒலியை மதிலால் மறிக்க முடியவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பெருந்தொகை வாங்கியே வாசித்தவர். தம் மதிப்பை ஓர் அணுவும் குறைத்துக்கொள்ளாதவர். ஆயினும் அவருடைய தோடியைக் கேட்டவருள் ஒரு சதமும் கொடாதவர் எத்தனை ஆயிரம்! யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் தட்சிணாமூர்த்தியின் தவிலை விடியும்வரை மணலில் அமர்ந்து கேட்டவர்களும் அவ்வாறே. வித்துவானுக்கு உயர்ந்த சம்பளம் கொடுப்பது வேறு, கேட்பவனிடம் உயர்ந்த விலை வாங்குவது வேறு என்பதற்கு இவையே சான்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதித்தான் நாம் பல வேளைகளில் தடுமாறுகிறோம்.

சீட்டு விற்றுப் பாட்டுக் கேட்பிக்கும் வழக்கம் மேலைநாட்டில் 1672இல் தோன்றியது என்பர். இலண்டனில் ஜோன் பனிஸ்டர் என்னும் வயலின் வித்துவான் தம் வீட்டிலேயே மேடையிட்டு, தலைக்கு ஒரு சிலிங் வாங்கினார். அரசரின் வாத்தியக் குழுவில் இருந்தவர் பொதுமக்களின் காசை நம்பிக் கதவைத் திறந்தது பெரும் மாற்றமே. ஒரு சிலிங் உடையவன் எவனும் பிரபுவின் பக்கத்தில் அமரலாம் என்றாயிற்று. சீட்டைத் திட்டுமுன் அதன் பிறப்பு இத்தகையது என்பதை மறத்தலாகாது. மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள் நத்தார்க் காலத்தில் ஹன்டலின் ‘மெசையா’வைப் பாடியும் கேட்டும் இருப்பர். அது முதன்முதல் 1742 ஏப்ரில் 13ஆம் நாள் டப்ளின் நகரில் அரங்கேறியபோது, வந்த பணம் கடனுக்காகச் சிறையிருந்தோரை மீட்பதற்கும் மருத்துவசாலைகளுக்கும் சென்றது. 142 கடனாளிகள் விடுதலை பெற்றனர். இன்னும் பலர் அமரவேண்டும் என்பதற்காகப் பெருமாட்டிகள் வளையம் வைத்த பாவாடை அணியாமலும், கனவான்கள் வாள் தரியாமலும் வருமாறு வேண்டப்பட்டனர். இக்காலத்து ஏற்பாட்டாளர்கள் இதனைக் கவனிப்பார்களாக!

தமிழரிடையே சீட்டைப் பெருவழக்காக்கியது நாடகக் கொட்டகை. அங்கே தரை, பெஞ்சு, நாற்காலி என்று தராதரம் இருந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பில் நடித்துப் பாடியபோது, நாற்காலியில் இருந்த வணிகரும் தரையில் இருந்த கூலியாளும் ஒரே குரலைத்தான் கேட்டார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலமாதலால் பாடகரின் குரல் கடைசித் தரைச் சீட்டுவரை எட்டியே தீரவேண்டும். எட்டாவிட்டால் தரை மகாசனங்கள் வாளாவிரார். மலிவுச் சீட்டுக்காரனுக்கு இருந்த இந்த அதிகாரம் பின்னாளில் மெல்ல மறைந்துவிட்டது.

சென்னையில் சபாக்கள் எழுந்தன. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சுவாமி சபா 1900இலும், மியூசிக் அகாடமி 1928இலும் தோன்றின. சபா என்பது அங்கத்தவர் சந்தாவினால் நடப்பது. அதனால் வித்துவானுக்கு ஜமீன்தாரின் தயவு வேண்டியதில்லை என்றாயிற்று. ஆயினும் சந்தா கட்டத்தக்க குடும்பங்களே முன்வரிசையை நிரப்பின. நம் போன்றோருக்கு அதைக் காட்டிலும் வியப்பளிப்பது திருவையாறு. பெங்களூர் நாகரத்தினம்மாள் தாம் பாடிச் சம்பாதித்ததைச் செலவிட்டுத் தியாகராஜ சுவாமிகளின் சமாதியில் 1920களில் கோயில் எழுப்பினார். அங்கு நடைபெறும் ஆராதனையில் யாரும் சீட்டின்றி அமர்ந்து கேட்கலாம். எம். எஸ். சுப்புலட்சுமியின் வழி இன்னொன்று. 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகவும், பின்னர் எத்தனையோ கல்விக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்குமாகவும் அவர் பாடினார். இத்தகைய பொதுச்சேவைக்காகவே 1974இல் மக்சேசே விருது பெற்றார். சீட்டின் விலை உயர்ந்தாலும், பணம் எங்கே போகிறது என்பதை வாங்கியவன் அறிந்திருந்தான்.

இடையிலே மைக்கும் வானொலியும் வந்து சீட்டைத் தோற்கடித்துவிட்டன போலத் தோன்றியது. பொருளியலறிஞர் அல்பிரட் மார்ஷல், மனிதக் குரல் எட்டும் தூரத்துக்கு எல்லை உண்டாதலால் பாடகரின் வருமானத்துக்கும் எல்லை உண்டு என்ற கருத்தில் 1890இல் எழுதினார். அவர் மைக்கைக் காணவில்லை, பாவம். இலங்கையில் 1925இல் ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னர் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை லயத்துக் காம்பிராக்களிலும் ஒலித்தது. ஒரே பெட்டியைச் சுற்றிப் பத்து வீட்டார் அமர்ந்து கேட்டதைப் பெரியோர் இன்றும் சொல்வர்.

அப்படியிருக்க, இன்று விலை ஏறுவானேன்? இதற்குக் காரணங்கள் பல. பாடுவது அவசரப்படுத்த முடியாத தொழில். போமொல், போவன் என்னும் இரு அமெரிக்கப் பொருளியலாளர் 1966இல் இதனை விளக்கினர். தொழிற்சாலை இயந்திரம் வேகமாகும். நால்வர் வாசிக்கும் நாற்பது நிமிட இசைக்கு என்றும் நால்வரும் நாற்பது நிமிடமும் வேண்டும். ஆகவே மற்றைத் தொழில்களில் கூலி ஏறும்போது இதன் செலவும் ஏறியே தீரும். (கொழுந்து பறிப்பதும் கையால் செய்யும், அவசரப்படுத்த முடியாத தொழில்தான். அதன் கூலி மட்டும் வித்துவானின் சம்பளத்தோடு சேர்ந்து ஏறாத மர்மத்தை அவ்விருவரும் விளக்கவில்லை.) அடுத்த காரணம் இசைத்தட்டின் வீழ்ச்சி. முன்னர் தட்டு விற்பதற்காகக் கச்சேரி செய்தனர். இணையத்தில் பாட்டு இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பின் கச்சேரியே வருமானமாயிற்று. அமெரிக்காவில் 1981இல் சராசரி 12 டொலராக இருந்த சீட்டு 2017இல் 69 டொலராயிற்று என்று அலன் குரூகர் கணக்கிட்டார். ஏனைய பொருள்களின் விலையேற்றத்தை இது வெகுதூரம் பின்தள்ளிவிட்டது. நம் நாட்டிலோ 2022இன் நெருக்கடியில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டுப் பாடகரின் சம்பளமும் விமானச் செலவும் டொலரிலே. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாயிற்று.

இவற்றோடு பேராசையும் சேர்ந்தது. கோல்ட்பிளே குழுவினர் 2025 ஜனவரியில் நவி மும்பையில் நடத்திய கச்சேரிகளுக்கு 2,500 இந்திய ரூபா முதல் 35,000 வரை விலையிட்ட சீட்டுகள் முந்திய செப்டெம்பரில் கணப்பொழுதில் தீர்ந்தன. பின்னர் கள்ளச்சந்தையில் இலட்சக்கணக்கில் விலை கூறப்பட்டன. சீட்டு வாங்கினாலும் பாட்டுக் கேட்கலாம் என்பது நிச்சயமன்று. 2023 செப்டெம்பர் 10ஆம் நாள் சென்னையை அடுத்த பனையூரில் ஏ. ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரிக்குச் சீட்டோடு சென்ற பலர் நெரிசலில் உள்ளே புகமுடியாமல் திரும்பினர். ரகுமான் வருத்தம் தெரிவிக்க, பணம் திருப்பிக் கொடுக்க ஏற்பாடாயிற்று.

நம் நாட்டிலேயே யாழ்ப்பாண முற்றவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். 2023 ஒக்டோபர் 21ஆம் நாள் சந்தோஷ் நாராயணன் ‘யாழ் கானம்’ என்னும் கச்சேரியை மக்களுக்கு இலவசமாக நடத்தினார். நான்கு மாதம் செல்லுமுன், 2024 பெப்ரவரி 9ஆம் நாள், அதே வெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சி. இம்முறை பணம் கொடுத்தோருக்கு மேடையருகே இருக்கை, ஏனையோர் தடுப்புக்கு அப்பால் இலவசமாக நிற்கலாம் என்று ஏற்பாடு. கூட்டம் தடுப்பை உடைத்து முன்னே பாய்ந்தது, நிகழ்ச்சி தடைப்பட்டது. ஒழுங்கில்லாத கூட்டம் என்று பலர் கண்டித்தனர். கண்டிக்கத்தக்கதே. ஆனால் ஒன்று கேட்கிறேன்: பொது வெளியில், ஒரே மேடைமுன், இன்னார் நாற்காலியில், இன்னார் வேலிக்குப் பின்னால் என்று பிரித்த ஏற்பாட்டாளர் கிட்டப்பா காலத்துத் தரைச் சீட்டுக்காரனுக்கு இருந்த மதிப்பையாவது அந்த இலவசக் கூட்டத்துக்குக் கொடுத்தார்களா? 

இனி நம் ஊவாவுக்கு வருவோம். இங்கே அரசரும் இல்லை, ஜமீனும் இல்லை, சபாவும் இல்லை. ஆயினும் சங்கீதம் இருந்தது. மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்துத் தொடங்கினால், ரதி மதனாக வேடமிடுவோரும் தப்படிப்போரும் பகலில் மலையேறி வேலை செய்தவர்களே. அதற்குச் சீட்டு ஏது? திருவிழாவுக்கோ வரி உண்டு. பல தோட்டங்களில் கோயில் வரியை மாதச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. தேர், பூசை, அன்னதானம், மேளம், இரவில் பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வரும் இசைக்குழு எல்லாம் அந்த வரியிலேதான். இலவசம் என்று நாம் சொல்லும் அந்தப் பாட்டுக்கு நம் பாட்டிமார் பேர் பேராக விலை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வரி கட்ட இயலாத வீட்டாரையும், அடுத்த டிவிசனிலிருந்து நடந்து வந்தவரையும் எவரும் எழுப்பிவிடவில்லை.

இப்போது சில இடங்களில் திருவிழா மேடை முன்பும் நன்கொடையாளருக்கென்று கயிறு கட்டி நாற்காலி போடும் புதுமை தொடங்கியிருக்கிறது. அதனை நான் விரும்பவில்லை. பெரிய பாடகர் ஒருவரை வரவழைத்தால்தான் மதிப்பு என்று நம் இளைஞர் சிலர் வாதிடுவதும் எனக்கு உடன்பாடன்று. கணக்கைப் பார்க்கட்டும். முந்நூறு குடும்பம் உள்ள ஒரு தோட்டத்தில் வீட்டுக்கு அரைப்பேர் வீதம் சேர்த்தால், 1,350 ரூபாச் சம்பளத்தின்படி 2,02,500 ரூபா சேரும். அந்தப் பணத்தில் 5,000 ரூபாச் சீட்டு நாற்பது வாங்கலாம். பஸ் கட்டணத்தை அந்த நாற்பது பேரும் தம் கையிலிருந்து போடவேண்டும். அதே பணம் இங்கேயே மேடையும் ஒலிபெருக்கியும் இசைக்குழுவுமாக மாறினால், முந்நூறு குடும்பமும் வரி கட்டாத வீடுகளும் பாய் விரித்து அமர்ந்து கேட்கலாம்.