கேட்கும் காது முந்தியது: முதனிகளின் கூட்டு வாழ்வும் தொடர்பாடல் வளர்ச்சியும்

முன்னுரை

மனிதப் பேச்சின் மூலத்தைத் தேடியவர்கள் நெடுங்காலம் வாயையும் குரல்வளையையுமே ஆராய்ந்தனர். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஹேய்ஸ் தம்பதியர், விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியைத் தம் வீட்டிலேயே பிள்ளைபோல் வளர்த்துப் பேசப் பழக்கினர். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகும் அது நான்கு சொற்களையே தட்டுத் தடுமாறிச் சொன்னது. பேச்சுறுப்பு வாய்க்காததே காரணம் என்று பலர் கருதினர். ஆனால், 2016இல் டெகும்சே ஃபிட்ச் குழுவினர் மக்காக் குரங்கின் தொண்டை அசைவுகளை எக்ஸ்ரே வழியே ஆராய்ந்து, தெளிவான பேச்சொலிகளுக்கு அந்த அமைப்பே போதும் என்று காட்டினர். குறை தொண்டையில் இல்லை. அதை இயக்கும் மூளைக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. எனவே பேச்சின் அடித்தளத்தை வேறிடத்தில் தேட வேண்டும். மனிதரும் குரங்குகளும் தேவாங்கும் அடங்கிய முதனிகளிடம் பொருளுணர்ந்து கேட்கும் திறனே முதலில் வளர்ந்தது, அதை வளர்த்தது கூட்டு வாழ்வு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தனிமையிலிருந்து கூட்டத்துக்கு

தொல் முதனிகள் இரவில் தனித்து இரை தேடியவை. நம் தேவாங்கிடம் அவ்வாழ்முறையின் சாயலை இன்றும் காணலாம். சிறுநீரைக் கைகால்களில் தேய்த்துச் செல்லும் வழியெல்லாம் மணம் பதிப்பது அதன் முக்கியத் தகவல் முறை. மணம் நெடுநேரம் நிற்கும். ஆனால் நொடிக்கு நொடி மாறும் உறவுகளுக்கு அது போதாது.

217 முதனி இனங்களை ஒப்பிட்டு 2011இல் வெளிவந்த ஷுல்ட்ஸ், ஓப்பி, அட்கின்சன் ஆய்வு, ஏறத்தாழ 5.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பகலில் நடமாடத் தொடங்கியதை ஒட்டியே கூட்டு வாழ்வு தோன்றியது என்று கணித்தது. பகல் வெளிச்சத்தில் கழுகுக்கும் சிறுத்தைக்கும் எளிதில் இலக்காகும் உயிருக்குக் கூட்டமே காப்பு. குரங்குகளில் மேலுதடு ஈறோடு ஒட்டாமல் விடுபட்டதால் முகபாவமும் தகவலாயிற்று.

பேன் பார்த்தலும் கூட்டணியும்

கூட்டம் காப்பைத் தந்தது. கூடவே போட்டியையும் தந்தது. அதைச் சமாளிக்கும் வழிகளுள் ஒன்று பேன் பார்த்தல். உண்ணி நீக்குவதோடு அது நட்பையும் உறுதிசெய்கிறது. உறவல்லாத குரங்கு ஒன்று உதவி கேட்டுக் கத்தும்போது, அது சற்று முன் தனக்குப் பேன் பார்த்திருந்தால் வெர்வெட் குரங்கு அக்குரலைக் கூடுதலாகக் கவனிக்கிறது என்று 1984இல் ஆய்வாளர்கள் செய்ஃபார்த்தும் செனியும் நிறுவினர். கூட்டம் பெருகி, எல்லோருக்கும் பேன் பார்க்க நேரம் போதாமல் போனபோது பேச்சு அவ்விடத்தை நிரப்பியது என்பது ராபின் டன்பாரின் கருதுகோள். இதை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை.

அம்போசெலியின் சான்று

கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தை, கழுகு, பாம்பு ஆகியவற்றுக்கு வெவ்வேறு எச்சரிக்கைக் குரல் எழுப்புவதை 1967இல் ஸ்ட்ரூசேக்கர் பதிவு செய்தார். 1980இல் செய்ஃபார்த், செனி, மார்லர் மூவரும் ஒலிப்பதிவுகளை ஒலிபெருக்கியில் ஒலித்துச் சோதித்தனர். விலங்கு எதுவும் கண்ணில் படாதபோதும், சிறுத்தைக் குரலுக்குக் குரங்குகள் மரமேறின. கழுகுக் குரலுக்கு வானத்தை நோக்கின. பாம்புக் குரலுக்குத் தரையை உற்றுப் பார்த்தன.

இதனினும் ஆழமானது மற்றொரு சோதனை. ஒரு குட்டியின் அலறலை ஒலித்தபோது அதன் தாய் ஒலிபெருக்கியை நோக்கியது. பிற பெண் குரங்குகளோ அந்தத் தாயை நோக்கின. யார் குரல் என்பதோடு, அந்தக் குட்டி யாருடையது என்பதும் அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

கற்பது காது

குரல் எழுப்பும் முறை பெரிதும் பிறவியிலேயே அமைகிறது. 2019இல் வெளிவந்த செனகல் நாட்டு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. முன்பின் கண்டிராத டிரோன் தலைக்கு மேல் பறந்தபோது, பச்சைக் குரங்குகள் எழுப்பிய எச்சரிக்கை, கிழக்காப்பிரிக்க வெர்வெட்டுகளின் கழுகுக் குரலை ஒத்திருந்தது. குரல் பழையது, ஆனால் டிரோனின் ஓசையை ஆபத்தோடு சேர்த்துணர அவை மிக விரைவில் கற்றுக்கொண்டன. முதுமலையில் கருமந்தி, கடமான் ஆகியவற்றின் எச்சரிக்கைக் குரல்களைக் கேட்டும் நாட்டுக் குரங்குகள் தப்பியோடுவதை ராமகிருஷ்ணன், காஸ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. பிற இனத்தின் குரலை அவற்றால் எழுப்ப முடியாது. அதன் பொருளை உணர முடியும்.

முடிவுரை

மணத்தைத் தாண்டி முகபாவம், தொடுகை, குரல் என வளர்ந்த இவ்வரலாற்றில் ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டு வாழ்வின் தேவையே முன் நின்றது. உறவையும் நட்பையும் கணக்கில் கொண்டு கேட்கும் மூளை, பேச்சுக்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே உருவாகத் தொடங்கிவிட்டது. மனித மூதாதையர் அதனோடு குரலை விரும்பியபடி ஆளும் திறனைச் சேர்த்துக்கொண்டனர். ஆகவே மொழியின் தோற்றத்தை ஆராய்வோர் பேசுபவரை மட்டுமன்றிக் கேட்பவரையும் ஆய்வின் நடுவில் வைக்க வேண்டும்.