சேக்கிழார் காட்டும் இரண்டு நீதி மன்றங்கள்

திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான், இரண்டாம் குலோத்துங்க சோழனிடத்து (கி.பி. 1133–1150) அமைச்சராய் அமர்ந்து அரசியல் நடாத்தியவர் என்பது வரலாறு. ஆகலின், வழக்கு ஆராயும் நெறியும், அந்நெறி பிறழுமிடத்து விளையுங் கேடும் அவர்தம் நூலின்கண் நன்கு விளங்கக் காணலாம். அவற்றுள் இரண்டிடங்கள் ஈண்டு ஒப்புநோக்கற் பாலன.

முதலாவது திருவெண்ணெய்நல்லூர் அவையம். புத்தூரில் நம்பியாரூரர் திருமணத்தைத் தடுத்த முதிய வேதியர், ஆரூரருடைய பாட்டனார் எழுதித்தந்த அடிமையோலை தம்பால் உளதென்றார். ஆரூரர், நரசிங்கமுனையரையர் மகன்மை கொண்டு வளர்த்த செல்வர். வழக்கிட்டவரோ துணையில்லாத் தமியர். அவையத்தார் செல்வாக்கையும் நோக்கிற்றிலர், முதுமையையும் நோக்கிற்றிலர். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் இல்லையே என ஐயுற்றும், வழக்கைத் தள்ளிவிடாது, ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்று காட்டுமாறு கேட்டனர். படியோலை முன்னமே கிழிக்கப்பட்டமையின் மூலவோலை வந்தது. கரணத்தான் அதனைப் படித்தான். சான்றிட்டோர் எழுத்துக்கள் ஆராயப்பட்டன. பாட்டனார் கையெழுத்துடைய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்து ஒப்பிட்டனர். அதன்பின்னரே ஆரூரர் தோற்றாரெனத் தீர்ப்பு எழுந்தது.

இரண்டாவது பல்லவன் அரசவை. அம்மன்னன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்றறிஞர். தருமசேனர் சூலைநோய் வந்ததாக நடித்துத் தம் சமயத்தைக் கைவிட்டாரெனச் சமணர் முறையிட்டனர். அந்நோய் பொய்யோ மெய்யோ என அரசன் ஆராய்ந்திலன். நிகழ்ந்தது அனைத்தும் அறிந்த திலகவதியார் சான்றாக அழைக்கப்பட்டிலர். நாவரசர் அவைக்கு வந்தபோதும், அவர்பால் ஒரு வினாவும் எழாமல், தண்டனை யாதெனக் குற்றஞ் சாட்டியோரையே அரசன் வினவினான். நீற்றறையில் ஏழு நாள், பின்னர் நஞ்சு, பின்னர் யானை, பின்னர்க் கல்லொடு கடல் என ஒறுப்பு நான்காயிற்று. விசாரணை ஒன்றேனும் இல்லை. ஓர் ஒறுப்பு பயனிலதாயபோது, தீர்ப்பு பிழையோ என்று ஐயுறாது, கொடியது வேறொன்று தேடினமையே இங்குப் பெரும் பிழையாம்.

இப்பிழையை ஒரு சமயத்தார் தலையில் ஏற்றிவிடுதல் நடுவுநிலை ஆகாது. முறையிடுதல் எவர்க்கும் உரியது. ஆராய்தல் அரசனுக்கு உரியது. பின்னர்ச் சைவஞ் சார்ந்த மன்னன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான். அப்பொழுதும் சினம் திசை மாறிற்றேயன்றி, ஆராய்ச்சி அவைக்கண் புகுந்ததாகச் சேக்கிழார் கூறிற்றிலர். தம்மை ஒறுத்தாரை ஒறுக்குமாறு அப்பரடிகள் வேண்டியதும் அந்நூலில் யாண்டும் இல்லை.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் சில இந்நெறி வளர்ந்தமையைக் காட்டுகின்றன. வேட்டையில் விலங்கென எண்ணி எய்த அம்பு மனிதன்மேற் பட்டு அவன் இறந்தவிடத்து, கொல்லும் கருத்து இன்மையை ஊராரும் நாட்டாரும் கூடி ஆராய்ந்து, எய்தவன் சாவவேண்டுவதில்லை, சிவாலயத்தில் நந்தாவிளக்கு எரிக்கக்கடவன் எனத் தீர்த்தனர். விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு (96) ஆடு விடுதல் அக்காலத்துப் பெருவழக்கு. செயலோடு கருத்தையும் நிறுத்துப் பார்த்த தீர்ப்பு இது.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு உயிர்பற்றியதன்று; அதற்கே அத்துணை ஆராய்ச்சி நிகழ்ந்தது. உயிர் போக்கும் வழக்கில் ஆராய்ச்சியே இல்லாதொழிந்தது. நாவரசர்க்குத் திருவருளாற் கல் மிதந்து, திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்தது. குற்றமில்லாத ஏனையோர்க்கோ பிழைபட்ட தீர்ப்பென்னும் கல் மிதப்பதில்லை. அவர் அதனொடு ஆழ்ந்தே போவர். அற்புதம் நிகழுமென்று நீதிபதி காத்திருத்தல் ஆகாது. மூலவோலையை வருவித்துப் பார்த்தலே அவன் கடன் என்க.

திருச்சிற்றம்பலம்.