ஐரிஸ் நிறமாற்றம்: இரும்புத்துகள் காயம்
கண்பாவையைச் சூழ்ந்த வண்ணத்திரை ஐரிஸ். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற வாகன, உதிரிபாக ஆலைப் பகுதிகளில் ஒரு கண்ணின் ஐரிஸ் மட்டும் நிறம் மாறினால், கண்ணுக்குள் தங்கிய இரும்புத்துகளையே முதலில் ஐயப்பட வேண்டும். சுத்தியல் அடியில் தெறிக்கும் துகள் பெரிய வலியின்றியே நுழைந்துவிடலாம். மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து ஐரிஸ் துருநிறமாகும், கண்பாவை விரியும், கண்புரை தோன்றும், விழித்திரை கெடும். இது சிடரோசிஸ். ஐரிஸில் சிறு துளை தெரிந்தால் ஐயம் வலுக்கும்.

ஐரிஸ் மாற வேறு காரணங்களும் உண்டு. மழுங்கிய பொருளின் அடியில் ஐரிஸின் வேர் கிழியலாம். முற்றிய நீரிழிவில் ஐரிஸின்மேல் புது ரத்தக்குழாய்கள் படரலாம். ஃபுக்ஸ் எனப்படும் கண்ணுள் அழற்சியில் ஐரிஸின் நிறம் வெளிறும். ஐரிஸின் பிறவிப் பிளவு பெரும்பாலும் கீழ்ப்புறம் இருக்கும்.

சி.டி. ஸ்கேன் துகளைக் காட்டும். எம்.ஆர்.ஐ. கூடாது, அதன் காந்தம் துகளை நகர்த்திக் கண்ணைக் கிழிக்கலாம். துகள் பட்ட கண்ணைக் கசக்காமல், 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடத்தில் அன்றே காட்டுங்கள்.