ஆடி மாதத்து மண்டபமும் செக் நாட்டுக் கணக்கும்

1990-இல் செக் நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.9 பிள்ளை. 1999-இல் அது 1.13 ஆகிவிட்டது. அன்றைக்கு உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் அதுவும் ஒன்று. பெண்கள் பிள்ளையே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார்களா?

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருபத்திரண்டு வயதுக்குள் கல்யாணமாகித் தாயாவது அங்கே சகஜம். குடும்பம் என்று ஆனால் அரசு வீடு கிடைக்க வழி பிறக்கும். மேற்படிப்புக்கு இடம் குறைவு. வெளிநாட்டுப் பயணம் எட்டாக்கனி. காத்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. 1989 நவம்பரில் எல்லாம் மாறியது. படிப்பும் வேலையும் பயணமும் கதவைத் திறந்தன. வீடு கிடைப்பதோ கடினமாயிற்று. முதல் பிள்ளை பெறும் சராசரி வயது 22-ஐ ஒட்டி இருந்தது, பிற்பாடு 28-ஐத் தாண்டிற்று.

இங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. ஓராண்டில் 15 முதல் 49 வரை ஒவ்வொரு வயதிலும் உள்ள பெண்கள் சராசரியாகப் பெற்ற பிள்ளைகளைக் கூட்டினால் வருவதே இந்த எண். மூத்தவர்கள் முன்பே பெற்றுவிட்டார்கள். இளையவர்கள் இன்னும் பெறவில்லை. ஆடி மாதத்தில் மண்டபம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, ஊரில் கல்யாணமே நின்றுவிட்டது என்று சொல்லலாமா?

எத்தனை பிள்ளை என்பது வேறு, எப்போது பெறுகிறார்கள் என்பது வேறு என்று நார்மன் ரைடர் என்ற மக்கள்தொகை அறிஞர் 1960-களிலேயே விளக்கியிருந்தார். 1998-இல் ஜான் போங்கார்ட்ஸ், கிரிஃபித் ஃபீனி இருவரும் அதற்கு எளிய சூத்திரம் தந்தார்கள். மூத்த பிள்ளை, இரண்டாவது பிள்ளை என்று தனித்தனியே பிரித்து, தாயின் சராசரி வயது ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 0.2 வயது ஏறினால், அந்த ஆண்டுக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும். 1.2 என்று வந்ததை 0.8-ஆல் வகுத்தால் 1.5. உண்மை நிலவரத்துக்கு அது கொஞ்சம் பக்கம்.

செக் நாட்டில் 2021-இல் அந்த எண் 1.83-க்கு ஏறியது. தள்ளிப்போட்டவர்களில் பலர் முப்பதை ஒட்டித் தாயானார்கள். ஆனால் எல்லோரும் அல்ல. ஒன்றோடு நிறுத்தியவர்கள் உண்டு. காலம் கடந்து, விரும்பியும் கிடைக்காதவர்களும் உண்டு. சூத்திரம் தள்ளிப்போட்டதைச் சொல்லும். அதில் எத்தனை திரும்பி வரும் என்று சொல்லாது.

2023-இல் அது மறுபடி 1.45 ஆகியிருக்கிறது. இதுவும் ஆடி மாதமா, இல்லையா என்பது இன்றைய இளம்பெண்கள் நாற்பதைத் தாண்டும்போதுதான் தெரியும்.