ஃபேரி குயின்

கிழக்கிந்திய ரயில்வேக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் நிறுவனம் 1855இல் கட்டிய அகலப்பாதை நீராவி எஞ்சின். 1909இல் ஓய்வுபெற்று, பின்னாளில் தில்லி ரயில் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பெரம்பூர் லோகோ பணிமனை செப்பனிட்டபின் 1997இல் மீண்டும் பயணிகளை இழுத்தது. வழக்கமான சேவையில் இயங்கும் நீராவி எஞ்சின்களில் உலகிலேயே பழையதென 1998இல் கின்னஸ் அங்கீகரித்தது. பாகங்களை மாற்றினால் அசல் சிதையும், ஓடாமல் நிறுத்திவைப்பதே மேல் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் நீராவி எஞ்சின்களில் கொதிகலன் குழாய்கள் பணிக்காலத்திலேயே தேய்ந்து மாற்றப்பட்டவை; பழுதுபார்ப்பும் அவற்றின் வரலாறுதான். அசையாத இரும்பு அளவுகளை மட்டுமே சொல்லும். நடுவில் ஒரே இணை இயக்குசக்கரம் கொண்ட இந்த அரிய அமைப்பு எவ்வளவு சுமை தாங்கும், எங்கே வழுக்கும் என்பதையும், நெருப்பெரிப்பவரின் கைத்திறனையும் ஓட்டமே காட்டும். கழற்றிய பாகங்களைப் பதிவுசெய்து காப்பது மட்டும் கட்டாயம்.