அடைக்கலமும் நிலைநிற்றலும்: தாமிரபரணிக் கரையில் ஒரு விசுவாச வரலாறு

நெல்லைச் சந்திப்பிலிருந்து வண்ணார்பேட்டைக்கு வருவோர் தாமிரபரணியைச் சுலோசன முதலியார் பாலத்தின் வழியே கடக்கின்றனர். 1843இல் அப்பாலம் திறக்கப்படுவதற்கு முன் ஓடமே துணையாக இருந்தது. பாலத்தின் இக்கரையில், ஆற்றை ஒட்டிப் பேராத்துச் செல்வி அம்மன் கோயில் உள்ளது. இன்னும் சற்றுக் கிழக்கே நடந்தால் முருகன்குறிச்சியில் 1826இல் எழுந்த திரித்துவ ஆலயத்தின் ஊசிக்கோபுரம் தெரியும். ஆற்றின் அக்கரையில் தச்சநல்லூரை அடுத்துள்ள கரையிருப்பு, 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றப்படும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பிறந்த ஊர். அச்சத்தையும் அருளையும் பற்றி இம்மண் பேசிய பல மொழிகளும் இந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

கிறிஸ்தவ மரபில் 'ஆவிக்குரிய போராட்டம்' என்றொரு தொடர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பகைமுன் ஓர் ஆன்மா கடவுளை நம்பி நிலைநிற்பதை அது குறிக்கும். இன்றைய மேடைப் பிரசங்கங்களில் அச்சொல் பெரும்பாலும் தனிமனித வீரமாகவே ஒலிக்கிறது. நெல்லைச் சீமையின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டும்போது நமக்குக் கிடைக்கும் பொருள் வேறு. இங்கே நிலைநின்றவர்கள் பெரும்பாலும் அடைக்கலம் புகுந்தவர்களே.

1778இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்னும் பிராமணக் கைம்பெண்ணுக்குச் சுவார்ட்சு ஐயர் ஞானஸ்நானம் அளித்தார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40. குளோரிந்தாவின் முயற்சியால் 1785இல் சிறு ஆலயம் ஒன்று எழுந்தது. அதன்பின் சத்தியநாதன் என்னும் தமிழ்க் குருவானவரும், சுந்தரானந்தம் தாவீது என்னும் உபதேசியாரும் தெற்கே தேரிக்காட்டுப் பனையூர்களுக்குச் சென்றனர். புதிதாகச் சேர்ந்தோருக்கு ஊரில் இருக்க முடியாத நிலை ஏற்பட்டபோது, 1799இல் சாத்தான்குளத்திற்கு அருகே தனி நிலம் வாங்கி ஒரு குடியிருப்பை அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் முதலூர். நெல்லையில் எழுந்த முதல் கிறிஸ்தவ ஊர் என்பதைப் பெயரே சொல்லும்.

1802, 1803 ஆம் ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றனர். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் மேய்ப்பர்கள் மறைந்தனர். வெளியிலிருந்து வந்த உதவியும் வற்றியது. 1811ஐ ஒட்டித் திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர்ச் சீமைகளில் கொடிய விஷக்காய்ச்சல் பரவிப் பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று. கைவிட்ட தெய்வங்களின் சினமே காய்ச்சலாக வந்தது என்று ஊர் நம்பியது. புதுக் கிறிஸ்தவர்களில் பலர் அஞ்சிப் பழைய பீடங்களுக்கே திரும்பிச் சென்றனர். இச்செய்தியைக் கால்டுவெல் தம் திருச்சபை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அப்பீடங்களைப் 'பேய் வழிபாடு' என்று ஒரே சொல்லால் ஒதுக்கிய அவருடைய பார்வையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1849இல் அவர் எழுதிய 'திருநெல்வேலிச் சாணார்' என்னும் நூலை அச்சமூகத்தாரே கடுமையாக எதிர்த்தனர். ஆயினும், வீட்டில் குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு பனையேறிக் குடும்பத்தின் நெஞ்சில் நிகழ்ந்த போராட்டம் உண்மையானது. நூல்களில் படிக்கும் 'ஆவிக்குரிய தாக்குதல்' அவர்களுக்கு நள்ளிரவில் வாசலில் கேட்ட ஓசையாகவே இருந்தது.

அவர்களைக் கோழைகள் என்று எழுதிவிடுவது எளிது. இதே கேள்வி உலகத் திருச்சபையின் தொடக்க காலத்திலும் எழுந்தது. கி.பி. 250இல் உரோமைப் பேரரசன் டீசியஸ், குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டபோது கிறிஸ்தவர் பலர் பலியிட்டனர். ஆபத்து நீங்கியதும் அவர்களை மீண்டும் சேர்ப்பதா என்ற வழக்கு வந்தது. சேர்க்கவே கூடாது என்ற நொவாசியன் தனிச் சபை கண்டான். தவம் செய்தபின் சேர்க்கலாம் என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் அவரைச் சூழ்ந்த ஆயர்களும் 251இல் முடிவு செய்தனர். கோழி கூவுமுன் மும்முறை மறுதலித்த பேதுருவைத் தலைவராகக் கொண்டாடும் ஒரு சமயம் வேறு எந்த முடிவுக்கு வந்திருக்க இயலும்?

1816இல் ஹஃப் என்னும் படைக் குருவானவர் பாளையங்கோட்டைக்கு வந்து பார்த்தபோது சுமார் மூவாயிரம் கிறிஸ்தவர்கள் சிற்றூர்களில் சிதறிக் கிடந்தனர். ஏறத்தாழப் பத்தாண்டுகளாக அவர்களுடன் தங்கிய வெள்ளைக்காரக் குரு எவரும் இல்லை. ஓலைக்கூரை ஜெபவீடும், எழுத்தறிந்த ஓர் உபதேசியாரும், மாலையில் சேர்ந்து சொல்லும் ஜெபமுமே அவர்களைத் தாங்கியிருந்தன. போனவர்களின் எண்ணிக்கையைக் கண்டு வியப்பதைவிட, இந்த மூவாயிரவர் எதனைப் பற்றிக்கொண்டு நின்றனர் என்று கேட்பதே வரலாற்று மாணவருக்குப் பயன் தரும்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் அக்கேள்வியைப் புரிந்துகொண்டவராகத் தோன்றுகிறார். 1830இல் அவர் 'தர்ம சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். துன்புறுத்தப்பட்டோர் குடியேற நிலமும் மனையும் வாங்கித் தருவது அதன் நோக்கம். பாடுபட்டோரின் சில்லறைக் காணிக்கைகள் சேர்ந்து நிலமாயின. 'விசுவாசத்தில் உறுதியாயிரு' என்று உபதேசிப்பதோடு அவர் நிற்கவில்லை. உறுதியாயிருக்க ஒருவனுக்குக் காலூன்ற இடம் வேண்டும் என்பதையும் கண்டார். 1838இல் மறைந்த அவருடைய கல்லறை பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப்பெயரைப் படிக்கும்போதெல்லாம் அவர் வாழ்வுக்கு எழுதிய உரை போலவே நமக்குத் தோன்றும்.

எதிர்ப்பு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1840களில் திருச்செந்தூரை மையமாகக் கொண்டு 'விபூதி சங்கம்' எழுந்தது. 1845இல் நல்லூர் வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. சங்கத்தார் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. கும்பினி ஆட்சியின் நிழலில் வளரும் புதிய சமயம் தம் முன்னோர் தெய்வங்களை இகழ்வதாக அவர்கள் உணர்ந்தனர். ஒரு சாரார் 'தாக்குதல்' என்று அழைத்ததை மறு சாரார் 'காத்தல்' என்று அழைத்தனர். வரலாறு எழுதுவோர் இரு குரல்களையும் கேட்க வேண்டும்.

இந்தக் கொந்தளிப்பின் நடுவே வளர்ந்தவர்தாம் கிருஷ்ண பிள்ளை. 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் சங்கர நாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். மகனுக்கும் கம்பன் தாய்ப்பால் போல் வந்தது. 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குக் கிறிஸ்தவத்தின்பால் வெறுப்பே இருந்தது. ஆனால் தம்பி முத்தையா பிள்ளை அச்சமயத்தைத் தழுவினார். அண்ணனின் உள்ளத்தில் நெடுங்காலம் போர் நடந்தது. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரடு கிருஷ்ண பிள்ளையானார். அக்காலத்து வேளாளர் ஒருவருக்கு அதன் விலை என்னவென்பதை நெல்லையர்க்கு விளக்க வேண்டியதில்லை. பந்தியில் இலை இல்லை. உறவில் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை.

அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாயிற்று. ஐந்து பருவங்களும் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டது. மூலம், ஆங்கிலேயர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'. சமயக் கொள்கைக்காகப் பனியன் 1660 முதல் 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். நிலைநிற்றலைப் பற்றி எழுத அவருக்குத் தகுதி இருந்தது.

பனியனின் கதையில் பயணி தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் அரக்கனை எதிர்கொள்கிறான். அரக்கன் முதலில் வாளை எடுக்கவில்லை. 'நீ என் குடிமகன். என் சம்பளம் உண்டவன். உன் புதிய எசமானுக்கும் நீ உண்மையாய் இருந்ததில்லை' என்று வழக்காடுகிறான். ஓடிவிடலாமா என்று பயணி எண்ணும்போது தன் கவசத்தில் முதுகுக்குக் காப்பு இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. இத்தனைக்கும் எபேசியர் நிருபத்தில் பவுல் அடிகள் சொல்லும் 'சர்வாயுதவர்க்கம்' அவனிடம் இருந்தது. அந்த நிருபத்திலும் பவுல் திரும்பத் திரும்பக் கட்டளையிடுவது பாய்ந்து வெல்வதை அன்று, நிற்பதை மட்டுமே.

அடுத்து வரும் மரண இருளின் பள்ளத்தாக்கு இன்னும் நுட்பமானது. தீய ஆவியொன்று பின்னால் வந்து பயணியின் காதில் இறைநிந்தையை ஓதுகிறது. அவை தன் நெஞ்சிலேயே எழுந்த எண்ணங்கள் என்று நம்பி அவன் நொந்துபோகிறான். ஐயமும் அச்சமும் நம் குரலிலேயே பேசும் என்பதைப் பனியன் அறிந்திருக்கிறார். பயணியைத் தேற்றுவது என்ன? இருளில் எங்கோ முன்னால் வேறொருவன் இறைவனின் துணையைச் சொல்லிக்கொண்டே நடந்துபோகும் குரல் கேட்கிறது. அவனுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல், அங்கே இன்னொருவனும் இருக்கிறான் என்பதே. 1816இல் ஹஃப் கண்ட ஓலைக்கூரைச் சபைகள் நமக்கு இங்கே நினைவுக்கு வருகின்றன.

கிருஷ்ண பிள்ளை இக்கதையைத் தமிழ்க் காப்பியமாக்கும்போது, பனியனிடம் விரிவாக இல்லாத ஒன்றைச் சேர்த்தார். குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளையே விரித்துப் பாடினார். பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்ற இரட்சணிய சரிதப் படலத்தில், கூட்டம் எள்ளி நகையாடிக் கொடுமை செய்ய, இறைமகன் எதிர்மொழி பேசாது பொறுத்து நிற்கிறார். 'எல்லாம் வல்லவர் ஏன் வாளா இருந்தார்?' என்று நம் வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. காப்பியத்தின் விடை அந்த மௌனத்திலேயே இருக்கிறது. திருப்பித் தாக்காமல் நிற்பதே அங்கு நிலைநிற்றல். அரக்கனோடு பொரும் பயணிக்கு முன்மாதிரியாக அடிபட்டு நிற்கும் ஒருவரைக் கவிஞர் வைத்தார்.

இதற்கு வேண்டிய மொழி அவருக்கு வீட்டிலிருந்தே கிடைத்தது என்பது நம் கருத்து. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி இதே தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. தென்கலை வைணவர் சரணாகதிக்கு மார்ஜார நியாயத்தைச் சொல்வர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்லும். காப்பது குட்டியின் பிடி அன்று, தாயின் பிடி. இரட்சிப்பு மனித முயற்சியால் வருவதில்லை, அருளால் வருவது என்ற சீர்திருத்தச் சபையின் போதனையைக் கேட்டபோது, கரையிருப்பு வைணவருக்கு அது முற்றும் அயலாக இருந்திருக்க முடியாது. சமயம் மாறினாலும் அவர் பாடல்களில் ஆழ்வார்களின் நெகிழ்ச்சி மாறவில்லை. கம்பனையும் அவர் கைவிடவில்லை.

இப்போது 1811க்குத் திரும்புவோம். அன்று காய்ச்சலுக்கு அஞ்சிச் சென்றவர்களுக்கும் நின்ற மூவாயிரவருக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை மனவலிமை என்று நாம் சொல்லத் துணியோம். அருகில் ஒரு ஜெபவீடு, ஓர் உபதேசியார், இருளில் முன்னே கேட்கும் ஒரு குரல் என இவற்றுள் ஏதேனும் ஒன்று சிலருக்கு வாய்த்தது, பலருக்கு வாய்க்கவில்லை. ஆகவே தடுமாறும் ஒருவனைப் பார்த்து 'உனக்கு விசுவாசம் போதாது' என்று கடிந்துகொள்ளும் போதகர், முதலூருக்கு நிலம் வாங்கியவர்களையும் தர்ம சங்கத்துக்குக் காசு கொடுத்தவர்களையும் மறந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். கடவுளை நம்பி நிற்பவனுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதும் விசுவாசத்தின் கடமையே என்பதை அவர்கள் பத்திரம் எழுதி, வேலியடைத்துக் காட்டிச் சென்றனர்.

கிருஷ்ண பிள்ளை 1900 பிப்ரவரியில் மறைந்தார். பாலத்தின் மேல் நின்று இரு கரைகளையும் பார்க்கும்போது, அக்கரையிலிருந்து இக்கரைக்கு அவர் கம்பனையும் சரணாகதியையும் சுமந்துகொண்டே வந்தார் என்பதை நாம் எண்ணிக்கொள்கிறோம்.