கற்பிட்டிக்கு வந்த குளிசைகள்

இலங்கையின் மீனவ ஊர்களான கற்பிட்டியிலோ உடப்பிலோ மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவரிடம் கிளினிக் மருந்தைக் கேட்டுப் பாருங்கள். சின்னச் சின்னக் கடதாசி உறைகளாக எடுத்து வைப்பார். காலையில் இது, சாப்பிட்டபின் இது, இரவில் இது என்று ஆயுள் முழுக்கப் போட வேண்டியவை. நெஞ்சுவலி போய் வருடக்கணக்காகியும் குளிசை போடும் இந்த வழக்கத்துக்கு வயது குறைவுதான். 1950களில் இதே நோயாளிக்குப் பெரிய வைத்தியம், வாரக்கணக்கில் படுக்கை.

அஸ்பிரினை 1897இல் பாயர் கம்பனியில் ஃபீலிக்ஸ் ஹொஃப்மன் தயாரித்தபோது யாரும் இதயத்தை நினைக்கவில்லை, அது வலிமருந்து. அரை நூற்றாண்டு கழித்து, கலிபோர்னியாவில் லோரன்ஸ் கிரேவன் என்ற வைத்தியர் தொண்டைச் சதை அறுத்தவர்களுக்கு அஸ்பிரின் கலந்த சூயிங்கம் கொடுத்தார். சிலருக்கு இரத்தம் லேசில் நிற்கவில்லை. வேறொருவர் சூயிங்கத்தை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இவரோ, இரத்தம் உறையாவிட்டால் மாரடைப்பும் குறையுமே என்று கணக்குப் போட்டார். பலருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாத குழு இல்லாததால் எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1957இல் அவரே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தது அவர் கட்சிக்கு உதவியிருக்காது! 17,187 நோயாளிகளை வைத்து நடந்து 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வுதான், மாரடைப்பு வந்தவுடன் தொடங்கும் அஸ்பிரின் உயிரைக் காக்கும் என்று சந்தேகமறக் காட்டியது.

பிரஷர் குளிசையின் பூர்வீகம் பிரேசில் விரியனின் விஷம். அது இரத்த அழுத்தத்தைச் சரிய வைக்கும். செர்ஜியோ ஃபெரேரா அந்த விஷச் சாற்றோடு லண்டனில் ஜோன் வேனின் ஆய்வுகூடத்துக்குப் போனார். அஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று 1971இல் கண்டுபிடித்தவரும் இதே வேன்தான். விஷத்தின் தந்திரத்தைப் பார்த்து ஸ்குயிப் கம்பனி கப்டோபிரிலைச் செய்தது. அதைப் பார்த்து மேர்க் கம்பனி எனலாபிரிலைச் செய்தது.

கொழுப்புக் குளிசைக்கு ஜப்பானின் அகிரா என்டோ சுமார் 6,000 பூஞ்சணங்களைச் சோதித்தார். 1973இல் பலன் தந்தது, கியோட்டோவில் அரிசியில் படிந்த நீலப்பச்சைப் பூஞ்சணம்.

இவையெல்லாம் மீனவர் கைக்கு எட்டியது நகலெடுத்தவர்களின் புண்ணியம். 1970இல் இந்தியா, மருந்துக்குத் தயாரிப்பு முறையில் மட்டுமே காப்புரிமை என்று சட்டம் போட்டது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய அங்குள்ள கம்பனிகளுக்குக் கதவு திறந்தது. இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலேயின் யோசனைப்படி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. கம்பனிப் பெயரைப் பாராமல் மருந்தின் பெயரைச் சொல்லி உலகெங்கும் விலை கேட்டு வாங்கியது. 2022இல் நாட்டில் டொலர் வற்றியபோது கிளினிக்கில் மருந்து கிடைக்காமல் பலர் வெளி பாமசிக்கு அலைந்தார்கள்.

அந்த உறைகளில் இரவுக்கென்று இருப்பது கொழுப்புக் குளிசை, அதாவது ஸ்டாட்டின். அதில் பழையவை உடம்பில் சில மணி நேரமே தங்கும். கொழுப்பை ஈரல் அதிகம் உண்டாக்குவதோ இரவில். அதனால் அது இரவுக் குளிசையானது. இன்று பரவலாகத் தரும் அட்டோவாஸ்டாட்டின் நீண்ட நேரம் நிற்கும், எந்நேரமும் போடலாம். பழக்கம் மட்டும் மாறவில்லை. இரவில் கடலுக்குப் போய் விடியற்காலை கரை சேர்கிறவர், அதைக் காலைக்கு மாற்றலாமா என்று அடுத்த கிளினிக்கில் கேட்கலாம்.